பிள்ளைக் காம்பராவின் நீலச் சேலை

பதுளையில் ரயிலை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, ஒரு கடையில் நின்று பிளேன்டீ குடித்ததுதான். தேயிலை விளைகிற ஊரில் கடைத்தேநீர் மட்டும் ஏன் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று இளம் வயதில் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது கிளாசும் வாங்கிக் குடித்தேன். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்தவளுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

கணவருக்கு வேலை மாறியபோது நானும் அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவள். அங்கேயே பிள்ளைகளைப் பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். மலையேறி வராததற்கு மகன் படிப்பு, மாமியார் நோய், முழங்கால் வலி என்று வருடத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம் வேறு. நமுனுகுல பக்கத்தில் நான் முதலில் வேலை பார்த்த தோட்டத்தில், புஸ்பராணி என்ற பெண்ணிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்குப் பயம்.

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் பேசினாள். நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் அதிகாரி அவள்.

"டீச்சர், நம்ம காம்பராவைப் புதுசாக் கட்டிட்டாங்க. இனிமே தொட்டில் கிடையாது, எல்லாம் கட்டில்தான். சுத்துவட்டாரத் தோட்டத்து அதிகாரிமாரும் வாறாங்க. நீங்க வந்து அந்தக் காலத்துக் கதைய ஒரு அரை மணித்தியாலம் பேசணும்."

"எனக்கு முழங்கால் வலிம்மா" என்றேன்.

"புஸ்பராணி அக்காகூட உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காங்க டீச்சர். அவங்க பேத்தியையும் இப்ப நம்மகிட்டத்தான் விடப்போறாங்க."

அதற்குமேல் முழங்காலைச் சாட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைக் காம்பரா என்பது, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பிள்ளையை எங்கள் கையில் தந்துவிட்டு மலைக்குப் போவார்கள். பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுப்பார்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு மறுபடியும் வருவார்கள். நான் அதற்குப் பொறுப்பான அதிகாரி. பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் நான் டீச்சர்.

நான் பதுளை டவுனில் வளர்ந்தவள். அப்பா கடைத்தெருவில் தையல்காரர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. பயிற்சியில் வளர்ச்சி அட்டை நிரப்பவும், கஞ்சியின் பதம் பார்க்கவும், கிருமி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்படவும் கற்றுத்தந்தார்கள். கடைசிப் பாடத்தில் நான் தேறிய அளவுக்கு வேறு யாரும் தேறியிருக்க மாட்டார்கள். பைபிளுக்கு அடுத்தபடி நான் நம்பியது சவர்க்காரத்தைத்தான்.

காம்பராவில் எனக்கு உதவியாக இருந்தவர் காளியம்மா. ஆயம்மா என்போம். என்னைவிட இருபது வயது மூத்தவர், உயரம் என் தோளுக்கும் கீழே, குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். நான் சொல்வதற்கெல்லாம் "சரிங்க டீச்சரம்மா" என்பார். பிறகு தன் இஷ்டப்படி செய்வார். எங்களுக்குள் தினமும் ஒரு சண்டையாவது நடக்கும். பதினொரு மணித் தேநீருக்கு முன்னால் சமாதானமாகிவிடுவோம், ஏனென்றால் தேங்காய் ரொட்டி அவரிடம்தான் இருக்கும்.

எங்கள் மேலதிகாரி தோட்டத்து ஆஸ்பத்திரி டொக்டர் ஐயா. வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை, சத்தமில்லாத நடை. அவர் முதன்முதலில் காம்பராவைச் சோதிக்க வந்த நாளை மறக்க முடியாது. பதிவுப் புத்தகங்களையெல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே வந்து, பிள்ளைகள் தவழும் பாயில் மல்லாந்து படுத்துவிட்டார். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தார். மனிதருக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"டீச்சர், இங்க வந்து படுத்துப் பாருங்க" என்றார்.

நான் தயங்கினேன். ஆயம்மா தயங்கவேயில்லை. எனக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானும் படுத்தேன். மேசையின் அடிப்பக்கத்தில் துருப்பிடித்த ஆணியொன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"நிக்கிறவங்க கண்ணுக்கு இந்த ரூம் சுத்தம்தான். ஆனா நம்ம பிள்ளைகள் நிக்கிறதில்லையே" என்றார். ஆணியை அவரே குறடு கொண்டுவரச் சொல்லிப் பிடுங்கினார். வைதிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அவர் வையவில்லை. அன்றிலிருந்து வேலை பார்த்த கடைசி நாள்வரை, எந்தக் காம்பராவுக்குள் போனாலும் நானும் ஒரு தடவை தரையில் படுத்துப் பார்ப்பேன்.

இனி தொட்டில்கள். மொத்தம் பதினெட்டுத் தொட்டில்கள் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். ஒவ்வொன்றும் அந்தந்தப் பிள்ளையின் தாய் உடுத்திய சேலை. பிள்ளைக்கு அடியில் ஒரு துணியை மடித்துப் போடுவோம், நனைந்தால் அதைத்தான் மாற்றுவோம். சேலை அழுக்கானால் தாய் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அலசுவாள். அலசிய பிறகு அதை ஒரு பொழுதாவது உடுத்தியோ போர்த்தியோ, தன் உடம்பில் வைத்திருந்துதான் திருப்பிக் கொண்டுவருவாள். இந்த வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சுவிடத் தெரியுமா என்று யாராவது சொல்லித்தருவார்களா? அதுபோல அவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம்.

பதினெட்டில் ஒரு சேலைக்கு மட்டும் தனிக் கதை. நீல நிற வொயில் சேலை, மஞ்சள் பூப்போட்டது. புஸ்பராணி ஜோர்தானுக்கு வீட்டுவேலைக்குப் போகும்போது தன் பத்து மாதப் பிள்ளை தர்ஷினியை அந்தத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளைக்கு வீட்டில் அப்பாவும் அத்தையும் இருந்தார்கள். ஆனால் பகல் முழுவதும் எங்களிடம்தான். அந்தச் சேலையை ஆயம்மா யாரையும் தொடவிட மாட்டார். தாயின் மணம் அதில் மிச்சமிருக்கிறது, அதைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

புஸ்பராணி போய் இரண்டு மாதமிருக்கும். வெளியிலிருந்து சிலர் காம்பராவைப் பார்வையிடத் திங்கட்கிழமை வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆயம்மா தங்கச்சி வீட்டுத் திருவிழாவுக்குப் பசறைப் பக்கம் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். எனக்குக் கைகள் துறுதுறுத்தன. ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து பஸ் ஏறி வந்து, பதினெட்டுச் சேலைகளையும் அவிழ்த்தேன். பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் வெந்நீர் கொதிக்கவைத்து, சவர்க்காரமும் கிருமிநாசினியும் கலந்து, அத்தனையையும் அவித்து அலசினேன். அப்போது கச்சான் காற்று வீசும் காலம். கயிற்றில் போட்டது போட்டபடி காய்ந்தது. நீலச் சேலையைப் பிழியும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு பயிற்சி ஞாபகம் வந்தது, முறுக்கிப் பிழிந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை காம்பரா ஆஸ்பத்திரி வார்டுபோலப் பளிச்சென்று இருந்தது. முதல் பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். வீரிட்டது. இரண்டாவதும் வீரிட்டது. ஒன்பது மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் அலறின. ஆட்டினால் அலறல், எடுத்தால் விசும்பல், போட்டால் மறுபடியும் அலறல். சத்தம் நாலாம் நம்பர் மலைவரை போய்விட்டது. கூடையை முதுகில் போட்டபடியே தாய்மார் ஓடிவந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கங்காணி கத்திக்கொண்டு வந்தார். அதே நேரத்தில்தான் டொக்டர் ஐயா விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அவர் உள்ளே வந்து ஒரு தொட்டிலை மூக்கருகே இழுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "எங்க பிள்ளைகளோட நுரையீரல் எவ்வளவு பலமா இருக்குன்னு நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். அவர்களைப் பேச்சோடு பேச்சாக ஆஸ்பத்திரிப் பக்கம் நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

தாய்மார் என்னைத் தின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். சரோஜா என்பவள்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். "டவுன் டீச்சர் நம்ம வாசத்த எல்லாம் அவிச்சு ஊத்திட்டாங்கடி!" என்றாள். அவ்வளவுதான், காம்பரா முழுவதும் சிரிப்பு. பிள்ளைகள் அழ, தாய்மார் சிரிக்க, நான் நடுவில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். ஒவ்வொருத்தியும் தன் தொட்டிலை அவிழ்த்து, உடுத்தியிருந்த சேலைக்குமேல் அதையும் சுற்றி, அதன்மேல் இடுப்புச் சாக்கான படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். அன்று எங்கள் தோட்டத்தில் பதினேழு பெண்கள் இரண்டிரண்டு சேலை உடுத்திக் கொழுந்து பறித்தார்கள். மறுநாள் வியர்வையும் தேயிலைச் சாயமுமாகச் சேலைகள் திரும்பி வந்தன. பதினேழு பிள்ளைகளும் தூங்கின.

பதினெட்டாவது சேலையைச் சுற்றிக்கொள்ள ஆளில்லை. ஆள் ஜோர்தானில் இருந்தாள்.

தர்ஷினி திங்கட்கிழமை முழுவதும் தூங்கவில்லை. போத்தலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் அத்தையின் சேலையைக் கட்டினேன், பலனில்லை. என் சேலையைக் கட்டினேன், அதற்கு இன்னும் கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நிறுத்துப் பார்த்தபோது எடை இறங்கியிருந்தது. அட்டையில் ஏறிக்கொண்டே வந்த கோட்டை என் கையாலேயே கீழே இழுத்தேன். பெற்றவள் கடல் தாண்டிப் போகும்போது பிள்ளைக்கு விட்டுப்போன ஒரே பொருளை நான் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

திருவிழாத் திருநீற்றோடு ஆயம்மா வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னிடம் சண்டை போடவில்லை.

"குடுங்க இங்க" என்று நீலச் சேலையை வாங்கிக்கொண்டார்.

"புஸ்பராணி மணம் போயிருச்சே ஆயம்மா. இனி எங்க போய் எடுப்பேன்?"

"மணமெல்லாம் வரும். நீங்க போயி கஞ்சியப் பாருங்க."

அந்தச் சேலையை அவரே உடுத்திக்கொண்டார். அன்று முழுவதும் அதோடுதான் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார், அடுப்பூதினார், தர்ஷினியை இடுப்பைவிட்டு இறக்காமல் கரண்டியால் பாலூட்டினார். புதன்கிழமையும் அதே சேலை. வியாழக்கிழமை அதைத் தொட்டிலாகக் கட்டினார். பிள்ளையைப் போட்டதும் அது இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து முகத்தில் இழுத்துக்கொண்டு, மூன்று மணித்தியாலம் தூங்கியது. டொக்டர் ஐயா வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பிள்ளை பெரிய மனதோடு ஆயம்மாவை ஏற்றுக்கொண்டது என்று எண்ணினேன். ஆனால் என் குற்றம் குற்றம்தான். அடுத்த வாரம் தோட்டத்து ஒஃபிஸுக்குப் புஸ்பராணியின் தொலைபேசி வந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"டீச்சர், புள்ள நல்லாத் தூங்குதா?"

"நல்லாத் தூங்குது. உங்க சேலையிலதான் தூங்குது" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு விசும்பல் கேட்டது, லைன் அறுந்துவிட்டது. அந்த மௌனத்தை நான் இருபத்திரண்டு வருடமும் சுமந்தேன். அவள் திரும்பி வருவதற்குள் எனக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. கடிதம் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள புஸ்பராணி" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

இந்த முறை டவுனிலிருந்து தோட்டத்துக்குப் போன பஸ்ஸில் நமுனுகுல மலை கூடவே வந்தது. வெட்கமில்லாமல் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நிரோஷா வாசலில் நின்றாள். புதுக் காம்பரா நன்றாகவே இருந்தது. வெளிச்சம், ஓடு பதித்த தரை, பலகைச் சட்டம் வைத்த சின்னச் சின்னக் கட்டில்கள். பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்துப் பார்த்தேன். ஆணி எதுவும் இல்லை. என்னைத் தூக்கி நிறுத்தத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆயம்மா இறந்து ஏழு வருடமாகிறது என்று நிரோஷா சொன்னாள். ரொட்டிக்காகவாவது அவரிடம் ஒரு தடவை வந்திருக்கலாம். வராமல் இருந்தது என் தப்பு.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது வரிசையில் புஸ்பராணி இருந்தாள். தலை நரைத்திருந்தது, கண்கள் அதே கண்கள். பக்கத்தில் தர்ஷினி. தோட்டத்து ஒஃபிஸில் கிளார்க்காக இருக்கிறாளாம், சுரிதார் போட்டு மடியில் நாலு மாதப் பிள்ளையோடு இருந்தாள். நான் டொக்டர் ஐயா தரையில் படுத்த கதையைச் சொன்னேன். சேலைகளை அவித்த கதையைச் சொன்னேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. இளம் அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கும்பிடு போட்டு உட்கார்ந்திருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"பதினேழு சேலைக்கு மணம் திரும்பி வந்துருச்சு. ஒன்னுக்கு வரல. அது புஸ்பராணியோட நீலச் சேலை. புஸ்பராணி, நீங்க விட்டுட்டுப் போன வாசத்த நான் கழுவிட்டேன். போன்ல உங்ககிட்டப் பொய்யும் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க."

புஸ்பராணி எழுந்து நின்றாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்குகிறது.

"டீச்சர், அது என் சேலையே இல்ல!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது ஆயம்மாவோட சேல. அந்தத் தீபாவளிக்கு நானும் அவங்களும் பதுளையில ஒரே கடையில, ஒரே நீலத்துல ஆளுக்கு ஒன்னு எடுத்தோம். போற அன்னைக்குக் காலையில நீங்க வாறதுக்கு முன்னாடியே காம்பராவுக்கு வந்தேன். புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அத விட்டுட்டு வெறுங்கையோட போக முடியல டீச்சர். புள்ளையத் தூக்கி ஆயம்மா கையில குடுத்துட்டு, தொட்டிலையே அவுத்து எடுத்துக்கிட்டேன். புள்ள வாசமாவது என்கூட வரட்டும்னு. ஆயம்மா வீட்டுக்கு ஓடிப்போயி அவங்க சேலையக் கொண்டாந்து கட்டினாங்க. 'தாயே தொட்டில அவுத்துட்டுப் போனான்னு ஊரு பேசும், யாருகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

அன்று போனில் நான் "உங்க சேலையிலதான் தூங்குது" என்றபோது, அவள் தொட்டிலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போன தன் சேலையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினாளாம். அத்தனை சண்டைகளிலும் எதையும் உளறாத ஆயம்மா, என் அழுகையைப் பார்த்தும் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். தன் வாசத்தைத் தானே மறுபடி ஏற்றிக்கொடுத்துவிட்டு, என்னைக் கஞ்சி பார்க்க அனுப்பியிருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது, நன்றாகத் திட்டவும் வேண்டும்போல இருந்தது. இருபத்திரண்டு வருடத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கிய சுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தேன்.

புஸ்பராணி ஒரு பையைத் திறந்தாள். உள்ளே அந்த நீலம், அந்த மஞ்சள் பூ.

"ஜோர்தான்ல மேடம் மெஷின்ல போடச் சொன்னாங்க, ஒளிச்சு வச்சேன். இங்க வந்தும் தண்ணியில போடல. வாசம் எப்பவோ போயிருச்சு டீச்சர், ஆனா கழுவ மனசு வரல." என் மடியில் அதை வைத்தாள். "இப்ப பேத்தி வந்துட்டா. நிரோஷா டீச்சர் கட்டில்ல விரிக்க அம்மாவோட துணி ஒன்னு கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் நல்லாக் கழுவுவீங்களே, கழுவிக் குடுங்க."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அதே குளிரோடு கையில் விழுந்தது. சவர்க்காரத்தைக் கொஞ்சமாகத்தான் போட்டேன். புஸ்பராணி ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துப் பிழிந்து, கயிற்றில் போட்டோம். கச்சான் காற்றில், நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

தர்ஷினி பிள்ளையை நிரோஷாவிடம் கொடுத்துவிட்டு ஒஃபிஸுக்குக் கிளம்பினாள். சேலையை மடித்துக் கட்டிலில் வைக்கப் போனவளைத் தடுத்தேன். "இப்படியே விரிச்சா புள்ள வீரிட்டு அழும். நாளைக்குக் கொண்டாங்க. இன்னைக்கு உடுத்திக்கங்க" என்றேன்.

"சுரிதாருக்கு மேலயா டீச்சர்?"

"மேலேயேதான்."

அவள் சிரித்துக்கொண்டே அதை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஒஃபிஸ்ல என்ன கோலம் இதுன்னு கேட்டா என்னா சொல்றது?"

புஸ்பராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் மறுபடியும் கழுவிட்டாங்கன்னு சொல்லு" என்றாள்.